யாங்கோன் – மாண்டலே இரவு ரயில்: ஸ்லீப்பரில் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

மாண்டலேயில் கல்யாணம், தவுங்கூவில் கோயில் திருவிழா, தமிழ்நாட்டிலிருந்து வந்த சொந்தக்காரர்களை வடக்கே ஒரு சுற்று கூட்டிப்போக வேண்டும் என்று வந்துவிட்டால், நம் வீடுகளில் பேச்சு உடனே பஸ்ஸா ரயிலா என்று திரும்பிவிடும். ரயில் என்று முடிவானால் அடுத்த அரை மணி நேரம் கேள்விகள்தான். பர்மாவில் இருக்கும் நம் ஆட்களும் ஊரிலிருந்து வருகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். இந்த வண்டி எனக்கு மிகவும் பிடித்த வண்டி. அதற்காக அதன் குறைகளை மறைக்கவில்லை. தெரிந்துகொண்டு ஏறினால்தான் நிம்மதியாகப் போகலாம்.

இரவு ரயில் இப்போது ஓடுகிறதா?

டிக்கெட், பெர்த், சாப்பாடு எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். 2021-க்குப் பிறகு வண்டிகளின் எண்ணிக்கையும் நேரமும் பலமுறை மாறிவிட்டன. அதன் மேல் 2025 மார்ச் 28 நிலநடுக்கம் வந்தது. 7.7 அளவு. சகாய்ங் நிலப்பிளவு மாண்டலே பக்கமிருந்து நேபிடோ, தவுங்கூ, பகோ என்று கிட்டத்தட்ட நம் ரயில் பாதையை ஒட்டியே தெற்கே இறங்குகிறது. அதனால் தண்டவாளமும் பாலங்களும் அடி வாங்கின, வண்டிகள் நின்றன, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப ஓட ஆரம்பித்தன.

ஆகவே போன வருஷம் போய் வந்தவர் சொன்னதை நம்பிப் பெட்டி கட்டாதீர்கள். ஸ்டேஷன் கவுண்டரில் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகக் கேளுங்கள்: இந்த வாரம் மாண்டலேக்கு இரவு வண்டி உண்டா, அதில் ஸ்லீப்பர் பெட்டி மாட்டுகிறார்களா. வண்டி இருக்கும், ஸ்லீப்பர் பெட்டி இருக்காது என்ற நிலை வரலாம். முதல் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு வந்தால், பாட்டியை உட்கார வைத்தே கூட்டிப்போக வேண்டியதாகிவிடும்.

எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

620 கிலோமீட்டர். ஒழுங்காக ஓடிய காலத்தில் பிற்பகல் 3 மணிக்கு ஒரு வண்டி, மாலை 5 மணிக்கு ஒரு வண்டி யாங்கோனிலிருந்து கிளம்பும். 14, 15 மணி நேரத்தில் மாண்டலே. அட்டவணையில் உள்ளது அது. ஓரிரண்டு மணி நேரம் கூடுதலாகும் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்தம் காலை 9 மணிக்கு என்றால் அன்று காலை போய் இறங்கும் வண்டியில் போகவே கூடாது. முந்தின நாளே போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

பஸ் எட்டு, ஒன்பது மணி நேரத்தில் போய்விடுகிறதே. பிறகு எதற்கு ரயில்?

அவசரம் என்றால் பஸ்தான். 2010-ல் எக்ஸ்பிரஸ் சாலை திறந்த பிறகு நேரத்தில் ரயில் போட்டிக்கே நிற்க முடியாது, அதில் வாதமே இல்லை. ஆனால் அந்தச் சாலையில் நடந்த விபத்துகள் நம் எல்லோருக்கும் தெரியும். இரவு முழுக்க ஏ.சி. முகத்தில் அடிக்க, காலை மடக்கி உட்கார்ந்தே போவது எல்லா உடம்புக்கும் ஒத்துவராது. ரயிலில் காலை நீட்டிப் படுக்கலாம். எழுந்து நிற்கலாம். நினைத்தபோது கழிப்பறை போகலாம், சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு இந்த ஒன்று போதும். குடும்பமாக ஒரே அறையில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரிக்கலாம், நடுராத்திரி வரைக்கும் பேசலாம். நம் பெரியவர்கள் பழைய கதைகளை வாய் திறந்து சொல்வது இந்த மாதிரி நேரத்தில்தான். வருஷத்துக்கு ஒருமுறை கூடுகிற குடும்பத்துக்கு அந்த 15 மணி நேரம் வீண் என்று நான் நினைக்கவில்லை.

டிக்கெட் எங்கே, எப்போது எடுப்பது?

யாங்கோன் மத்திய ஸ்டேஷனில். 1954-ல் திரும்பக் கட்டிய, அடுக்கடுக்கான பர்மியக் கோபுரக் கூரை வைத்த கட்டடம். முன்பதிவுக் கவுண்டர் நெடுங்காலம் தெற்குப் பக்கம் பொஜோக் ஆங் சான் சாலையில் இருந்தது. கட்டடத்தின் முகப்பு வடக்குப் பக்கம், பான்சோடான் மேம்பாலத்தைத் தாண்டிப் போக வேண்டும். முதல்முறை போகிறவர்கள் தெற்கே டாக்சியை விட்டு இறங்கி, மூட்டை முடிச்சோடு சுற்றிக்கொண்டு ஓடுவதைப் பார்க்கலாம். டாக்சிக்காரரிடம் வண்டி ஏறப் போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இந்தியாவில் மாதிரி இரண்டு மாதத்துக்கு முன்பே பதிவு செய்து வைக்கும் வழக்கம் இங்கே கிடையாது. சில நாள் முன்னால்தான் கொடுப்பார்கள். ஸ்லீப்பர் பெர்த் கொஞ்சம்தான், வண்டிக்கு ஒரு பெட்டி என்பதுதான் வழக்கம். ஆகவே கவுண்டர் திறக்கும் நாளன்று காலையிலேயே ஒருவர் போய் நிற்க வேண்டும். நம் குடும்பங்களில் இந்த வேலை எப்போதும் ஒரு சித்தப்பா தலையில்தான் விழும். அவரிடம் எல்லோருடைய அடையாள அட்டை நகலையும் கொடுத்து அனுப்புங்கள், பெயரும் எண்ணும் கேட்பார்கள்.

வண்டி எண்ணில் ஒரு எளிய வழி உண்டு. யாங்கோனிலிருந்து வடக்கே போவது ஒற்றைப்படை, 'அப்'. திரும்பி வருவது இரட்டைப்படை, 'டவுன்'. 5 அப் போனால் 6 டவுன் வரும். டிக்கெட்டைக் கையில் வாங்கியதும் தேதியையும் இந்த எண்ணையும் பாருங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்குக் கட்டணம் வேறா?

முன்பு வெளிநாட்டவர் டாலரில், பல மடங்கு கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தது. 2014-ல் அதை எடுத்துவிட்டார்கள். அப்போதிலிருந்து உள்ளூர்ப் பணத்தில்தான். டிக்கெட் வாங்க பாஸ்போர்ட் வேண்டும். அப்புறம் இன்னொன்று: பர்மா நேரம் இந்திய நேரத்தைவிட ஒரு மணி நேரம் முந்தியது. விமானத்தில் இறங்கிய அன்றே ரயில் ஏறுகிறவர்கள் கைக்கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்க மறந்தால் வண்டி போய்விடும்.

ஆர்டினரி, அப்பர் கிளாஸ், ஸ்லீப்பர்: என்ன வித்தியாசம்?

ஆர்டினரியில் மரப் பலகை இருக்கை. அப்பர் கிளாஸில் மெத்தை வைத்த, பின்னால் சாய்கிற இருக்கை. ஸ்லீப்பரில் படுக்கை. திடீரென்று சாவுச் செய்தி வந்து அன்றைக்கே கிளம்ப வேண்டுமென்றால் ஆர்டினரியில் ஏறிவிடலாம், எப்படியும் இடம் கிடைக்கும். அந்தப் பெட்டியில் மனிதர்கள் அன்பாக இருப்பார்கள், இடம் ஒதுக்கித் தருவார்கள். ஆனால் 60 வயதுக்கு மேற்பட்டவர்களை இரவு முழுக்க அந்தப் பலகையில் உட்கார வைக்காதீர்கள்.

ஸ்லீப்பர் பெட்டி உள்ளே எப்படி இருக்கும்?

இந்திய ரயிலின் ஸ்லீப்பரை மனத்தில் வைத்துக்கொண்டு வந்தால் குழம்பிவிடுவீர்கள். அங்கே ஒரு பெட்டியில் 72 பேர், நடுவில் நடைபாதை, பக்கவாட்டுப் பெர்த். இங்கே சின்னச் சின்ன அறைகள். நாலு பெர்த் அறை, இரண்டு பெர்த் அறை. கதவைச் சாத்திக்கொள்ளலாம். கீழே இரண்டு, மேலே இரண்டு, நடுவில் ஜன்னலோரம் ஒரு சின்ன மேசை. மின்விசிறி உண்டு. ஜன்னலுக்கு மேலே தூக்கி இறக்கும் பலகை உண்டு, அது பல சமயம் பாதியில் சிக்கிக்கொள்ளும். இரண்டு கையாலும் இரு பக்கமும் சமமாகப் பிடித்து இறக்கினால் இறங்கும். ஒரு பக்கத்தை மட்டும் இழுத்தால் கோணிக்கொண்டு நிற்கும்.

சில வண்டிகளில் 'ஸ்பெஷல் ஸ்லீப்பர்' என்று ஒன்று இருக்கும். அறையின் கதவு நேராகப் பிளாட்பாரத்தில் திறக்கும், கழிப்பறையும் அறைக்குள்ளேயே. நாலு பேர் குடும்பத்துக்கு இதைவிட வசதி கிடையாது. ஆனால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: அதிலிருந்து அடுத்த பெட்டிக்கு நடந்து போக வழி கிடையாது. வண்டி கிளம்பிவிட்டால் அடுத்த ஸ்டேஷன் வரும்வரை அந்த அறைதான் உங்கள் உலகம். அத்தையும் மாமாவும் அப்பர் கிளாஸில், நீங்கள் இங்கே என்று பிரிந்து ஏறினால், வழியில் போய்ப் பார்த்துவிட்டு வர முடியாது. மாத்திரை டப்பா, வெந்நீர் பிளாஸ்க், யாருடையது யாரிடம் இருக்க வேண்டுமோ அதை ஏறுவதற்கு முன்பே பிரித்துக் கொடுத்துவிடுங்கள்.

வண்டி குதிக்கும் என்கிறார்களே?

குதிக்கும். உண்மைதான்.

பர்மா முழுக்க மீட்டர்கேஜ். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மீட்டர்தான். இந்தியாவின் அகலப்பாதையில் அது 1.676 மீட்டர். அடி குறுகல், மேலே பெட்டி உயரம், அதனால் பக்கவாட்டில் ஆடும். எழும்பூரிலிருந்து தெற்கே போன பழைய மீட்டர்கேஜ் வண்டிகளில் போனவர்களுக்கு அந்த ஆட்டம் ஞாபகம் இருக்கும். இங்கே அதோடு மேலும் கீழும் ஒரு துள்ளலும் சேர்ந்துகொள்ளும். சித்தவுங் ஆற்றுப் பள்ளத்தாக்கு மண் இளகிய வண்டல். மழைக்காலத்தில் ஜல்லி இறங்கும், தண்டவாளம் இணைகிற இடங்கள் தாழும். சக்கரம் ஒவ்வொரு தாழ்விலும் விழுந்து எழும்பும்போது பெட்டியின் ஸ்பிரிங் அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொள்கிறது. குறிப்பிட்ட ஒரு வேகத்தில், தொடர்ந்து பத்து இருபது முறை, படுத்திருக்கிற உடம்பு மெத்தையை விட்டு இலேசாக எழும்பி விழும். டிரைவர் வேகத்தைக் குறைத்ததும் அடங்கிவிடும்.

பயப்பட வேண்டியதில்லை. 2018-லிருந்து ஜப்பான் உதவியோடு இந்தப் பாதையைப் புதுப்பிக்கும் வேலை தொடங்கி, யாங்கோன் பக்கத்துப் பகுதிகள் சில நன்றாகவே ஆயின. ஆனாலும் தூங்கப் போகிறோம் என்று நினைத்து ஏறாதீர்கள். படுத்துக்கொண்டு போகிறோம் என்று ஏறுங்கள். இடையிடையே வரும் தூக்கம் நமக்குக் கிடைத்த லாபம்.

எந்தப் பெர்த் கேட்க வேண்டும்?

கீழ் பெர்த், பெட்டியின் நடு அறை. காரணம் இருக்கிறது. பெட்டியின் இரண்டு முனைகளிலும் அடியில் சக்கரத் தொகுதி இருக்கிறது. அதன் மேலேயே படுத்தால் ஒவ்வொரு அடியும் முதுகில் இறங்கும். நடுவில் அது பாதியாகத் தணிந்துவிடும். மேல் பெர்த்தில் துள்ளல் மட்டுமல்ல, ஆட்டமும் அதிகம். தரையிலிருந்து எவ்வளவு உயரம் போகிறோமோ அவ்வளவு வீச்சு.

மேலே படுக்கிறவர்கள் சுவர்ப் பக்கம் முதுகை வைத்து ஒருக்களித்துப் படுங்கள். போர்வையைச் சுருட்டி வெளிப்பக்கம் வைத்துக்கொண்டால் உருளும் பயம் இருக்காது. மேல் தட்டில் பெட்டி வைத்தால் கட்டாயம் கட்டுங்கள். ஒரு கயிறு, பழைய துப்பட்டா எதுவானாலும் சரி. கட்டாத பை நடுராத்திரி கீழே இறங்கியே தீரும்.

முழங்கால் வலி உள்ளவர்கள், இருதய நோயாளிகள் போகலாமா?

முழங்கால் வலிக்காரர்களுக்கு பஸ்ஸைவிட இது மேல், கீழ் பெர்த் கிடைத்தால். ஏறும்போதுதான் கஷ்டம். சின்ன ஸ்டேஷன்களில் பிளாட்பாரம் தாழ்வு, படி உயரம். அடியில் வைக்க ஒரு சின்ன முக்காலி கொண்டு போகிற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன், நல்ல யோசனை. முதுகெலும்பு தேய்வு, சமீபத்தில் அறுவை சிகிச்சை, கர்ப்பத்தின் கடைசி மாதங்கள் என்றால் வேண்டாம். இதில் நான் உறுதியாகவே சொல்கிறேன், டாக்டர் சரி என்றாலும் அவர் இந்த வண்டியில் போயிருக்கிறாரா என்று கேளுங்கள். இருதய நோயாளிகளுக்கு ஆட்டத்தைவிட, வழியில் ஏதாவது ஆனால் அடுத்த பெரிய ஊருக்கு எத்தனை மணி நேரம் என்பதுதான் கவலை. பகோ, தவுங்கூ, நேபிடோ, தாசி: இவை தவிர மற்ற இடங்களில் வண்டியை நிறுத்தினாலும் பெரிய உதவி கிடைக்காது.

குழந்தைகள்?

சந்தோஷமாக வருவார்கள். கீழ் பெர்த்தில் உள்பக்கம் படுக்க வையுங்கள். ஜன்னல் கம்பிக்கு வெளியே கை நீட்ட விடாதீர்கள்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போவதுதான் நம் வழக்கம், அதை மாற்றத் தேவையில்லை. புளிச்சோறு, எண்ணெய் தடவிய இட்லிப்பொடி இட்லி, உருளைக்கிழங்கு வறுவல். ஏப்ரல், மே வெயிலில் தயிர்ச்சோறு ராத்திரிக்குள் புளித்துவிடும், முதலில் அதைச் சாப்பிட்டு முடியுங்கள். சாம்பார், ரசம் வேண்டவே வேண்டாம். அந்த ஆட்டத்தில் கிண்ணம் நிற்காது. தண்ணீர்கூட மூடி வைத்த பாட்டிலில் இருந்து நேராகக் குடியுங்கள்.

ஆனால் வீட்டுச் சாப்பாட்டோடு நின்றுவிட்டால் பாதிப் பயணத்தை இழந்தீர்கள். பகோ வந்ததுமே தலையில் தாம்பாளம் சுமந்த பெண்கள் ஜன்னலுக்கு ஜன்னல் வருவார்கள். அவித்த காடை முட்டை, சமூசா, ஒட்டரிசி, சோளம், மாங்காய்க் கீற்று. பேயாஜோ என்று ஒன்று தருவார்கள், கடித்துப் பார்த்தால் நம் பருப்பு வடைதான், சோம்பு மட்டும் இருக்காது. தாளில் சுற்றி, மேலே வெங்காயமும் எலுமிச்சையும் வைத்து நீட்டுவார்கள். சுடச் சுட வாங்கினால் இரண்டாவது பொட்டலம் கேட்காமல் இருக்க முடியாது. வண்டி நகர ஆரம்பித்த பிறகும் பணத்தை வாங்கிக்கொண்டு சில்லறையை ஓடி வந்து கையில் திணிப்பார்கள். அவர்களை ஓட வைக்காமல் சில்லறை நோட்டுகளைத் தயாராக வைத்திருப்பது நம் மரியாதை.

ராத்திரிச் சாப்பாட்டை வண்டியிலேயே வாங்க வேண்டுமென்றால், சமையல் பெட்டிக்காரர் முன்மாலையில் ஏதாவது ஒரு ஸ்டேஷனில் வந்து என்ன வேண்டும் என்று கேட்பார். அடுத்த ஸ்டேஷனில் கொண்டு வந்து தருவார். வறுத்த சோறு, நூடுல்ஸ் அளவில் இருக்கும்.

முழு சைவம், என்ன வாங்கலாம்?

நாப்பி என்கிற மீன் விழுது, காய்ந்த இறால் தூள், மீன் சாறு மூன்றும் கண்ணுக்குத் தெரியாமல் எதிலும் இருக்கும். மொஹிங்கா மீன் குழம்பு. சாலட் மாதிரித் தெரியும் தோக் வகைகளிலும் இறால் தூள் தூவியிருக்கும். 'தெத்தட்லுட்' என்று சொன்னால் சுத்த சைவம் என்று புரிந்துகொள்வார்கள், இல்லை என்றால் இல்லை என்று நேர்மையாகச் சொல்லிவிடுவார்கள். பழம், வேர்க்கடலை, அவித்த சோளம், இனிப்பு ஒட்டரிசி: இவற்றில் பிரச்சினை இல்லை.

கழிப்பறை?

குந்தி உட்காரும் வகை. வெளியேறுவது நேராகத் தண்டவாளத்தில்தான், அதனால் ஸ்டேஷனில் நிற்கும்போது போகாதீர்கள். தண்ணீர் முதல் பாதி இரவு இருக்கும், பிறகு நிச்சயமில்லை. ஒரு பெரிய பாட்டிலில் தனியாகத் தண்ணீரும் ஒரு சின்ன டார்ச்சும் வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் போகும்போது வெளியே ஒருவர் நிற்க வேண்டும், ஆட்டத்தில் தனியாக எழுவது சிரமம்.

குளிர், கொசு, பூச்சி?

டிசம்பர், ஜனவரியில் யாங்கோனில் ஏறும்போது வியர்க்கும். நள்ளிரவுக்கு மேல் நேபிடோவைத் தாண்டி உலர்வலயத்துக்குள் போனதும் ஜன்னல் இடுக்கில் வரும் காற்று எலும்பில் ஏறும். தலையணை, போர்வை கொடுப்பார்கள். ஆனாலும் ஒரு சால்வையும் காதுக்கு மஃப்ளரும் வீட்டிலிருந்து எடுத்து வாருங்கள். மழைக்காலத்தில் கொசுவத்தி கொளுத்தாதீர்கள், அறை சின்னது, துணி பற்றிக்கொள்ளும். பூசுகிற களிம்பு போதும்.

பாதை ஓரத்துச் செடிகளை எல்லா இடத்திலும் வெட்டி வைத்திருப்பதில்லை. வண்டி உரசிக்கொண்டு போகும்போது இலையும் குச்சியும் பூச்சியும் அறைக்குள் வந்து விழும். இருட்டியதும் ஜன்னல் பலகையை முக்கால்வாசி இறக்கிவிடுங்கள். விளக்கை அணைத்தால் பூச்சி வருவதும் குறையும்.

பெண்கள் தனியாகப் போகலாமா?

எங்கள் வீட்டுப் பெண்கள் போயிருக்கிறார்கள், பிரச்சினை இருந்ததில்லை. ஆனால் ஸ்லீப்பர் அறையில் ஆண் பெண் என்று பிரித்துக் கொடுப்பதில்லை, கதவைச் சாத்தினால் யாருடன் சாத்துகிறோம் என்பது அதிர்ஷ்டம். தனியாகப் போகிற பெண் அப்பர் கிளாஸ் இருக்கையில் போவது நல்லது என்பது என் கருத்து. அங்கே 40 கண்கள் இருக்கும், பக்கத்தில் ஒரு பர்மியப் பாட்டி உட்கார்ந்துவிட்டால் அவரே உங்களைக் கவனித்துக்கொள்வார். இரண்டு பெண்கள் என்றால் இரண்டு பெர்த் அறையை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அடையாள அட்டை?

அசல் கையில் இருக்க வேண்டும், நகல் போதாது. நம்மில் சிலருக்கு இளஞ்சிவப்புக் குடியுரிமை அட்டை, சிலருக்குப் பச்சை, ஒரே வீட்டிலேயே இரண்டும் இருக்கும். எந்த நிறமானாலும் அசலைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், பெட்டிக்குள் பூட்டி வைக்காதீர்கள். வழியில் எழுப்பிக் கேட்பார்கள். பெரியவர்கள் தூக்கக் கலக்கத்தில் தடுமாறுவார்கள், ஆகவே குடும்பத்தில் ஒருவர் எல்லோருடையதையும் ஒரே உறையில் வைத்திருப்பது வசதி.

எந்தப் பக்கம் உட்கார்ந்தால் நல்ல காட்சி?

வடக்கே போகும்போது வலப்பக்கம். விடிகிற நேரத்தில், தாசி தாண்டி சௌசே வருகிற வரைக்கும், ஷான் மலைத்தொடர் கிழக்கே நீலமாக நீண்டுகொண்டே வரும், சூரியன் அதன் பின்னாலிருந்துதான் எழும். மாலையில் இடப்பக்கம். பகோவுக்கு அப்பால் வயல்கள், மேற்கே பகோ யோமா மலைகளின் பின்னால் வெளிச்சம் இறங்கும்.

திஞ்ஞான் தண்ணீர்த் திருவிழாவில், நம் சித்திரை வருஷப் பிறப்புக்குப் போகலாமா?

டிக்கெட் கிடைப்பது மிகவும் கடினம், எல்லோரும் அப்போதுதான் ஊருக்குப் போவார்கள். கிடைத்தால் ஒன்று: பகலில் ஜன்னலைத் திறந்து வைத்தால் நனைவீர்கள். பாதையோர ஊர்களில் பிள்ளைகள் வாளியோடு காத்திருப்பார்கள், ஓடுகிற ரயில் என்று விட்டுவிடமாட்டார்கள். போனை பிளாஸ்டிக் பையில் போடுங்கள்.

நம் ஆட்களுக்கும் இந்த ரயிலுக்கும் என்ன சம்பந்தம்?

இதைக் கேட்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதே எனக்குச் சந்தோஷம், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பர்மாவின் முதல் ரயில் 1877-ல் ரங்கூனிலிருந்து பியேக்குப் போனது. தவுங்கூ வரைக்கும் பாதை 1884-ல். அடுத்த ஆண்டு பிரிட்டிஷார் மாண்டலேயைப் பிடித்தார்கள், 1889-ல் ரயிலும் அங்கே போய்ச் சேர்ந்தது. கடல் தாண்டிக் கப்பலில் வந்த தமிழர்களும் தெலுங்கர்களும் மண் வெட்டினார்கள், ஜல்லி கொட்டினார்கள், பிறகு கேங்மேனாக, ஃபயர்மேனாக, கிளார்க்காக அதே பாதையில் தங்கினார்கள். செட்டியார்களின் பணமும் நெல்லைப் பின்தொடர்ந்து இதே தடத்தில் வடக்கே ஏறியது. பெகு (இன்றைய பகோ), தவுங்கூ, பின்மனா என்று ஸ்டேஷன் இருந்த ஊர்களில் கடை திறந்தார்கள். கடனுக்கு ஈடாக நிலம் கைமாறி, 1930-களின் முடிவில் கீழ் பர்மாவின் விளைநிலத்தில் கால்பங்கு அவர்கள் வசம் இருந்தது. அது பர்மிய விவசாயிக்கு எவ்வளவு வலித்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். பாதி உண்மையைச் சொல்லி வளர்த்தால், இந்த நாட்டில் பிறகு நடந்தவை அவர்களுக்குப் புரியாது.

1942-ல் ஜப்பானியர் வந்தபோது இதே பாதையில் நம் மக்கள் ஓடினார்கள். இடம் கிடைத்தவர்கள் ரயிலில் மாண்டலே வரை, அப்புறம் மொன்யுவா, கலேவா, தாமு என்று நடையில் மணிப்பூர் எல்லைக்கு. பர்மாவிலிருந்து அப்படிக் கிளம்பிய இந்தியர்கள் சுமார் 5 லட்சம் பேர் என்று கணக்கிடுகிறார்கள். பல்லாயிரம் பேர் வழியிலேயே இறந்தார்கள். உங்கள் வீட்டில் எண்பது தாண்டிய யாராவது இருந்தால், தவுங்கூ தாண்டும்போது, அவர்களுடைய அப்பா அம்மா எந்த வழியாகப் போனார்கள், யார் திரும்பி வந்தார்கள் என்று கேளுங்கள். வீட்டில் கேட்டால் விடை வராத கேள்வி அது.

மோல்மீன் பக்கம் இரவில் ரயிலில் போகலாமா?

பகோவில் பிரிந்து சாய்க்டோ, தட்டோன் வழியாகப் போகும் பாதை அது. நம் ஆட்கள் நிறைய இருக்கிற பக்கம். முன்பு மொத்தமா என்ற ஊரில் இறங்கிப் படகில் ஆற்றைக் கடக்க வேண்டும், பெரியவர்களுக்கு அது நன்றாக நினைவிருக்கும். 2005-ல் தன்ல்வின் பாலம் திறந்த பிறகு வண்டி நேராக ஊருக்குள் போகிறது. 9, 10 மணி நேரப் பயணம் என்பதால் அதைப் பகலில் போவதே நல்லது.

தெற்கே இன்னும் போனால் அதே பாதையில் தன்பியூசயாட். ஜப்பானியர் 1942-43-ல் போட்ட 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா மரண ரயில் பாதையின் பர்மா முனை. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு வந்து வேலை வாங்கப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அந்தப் பாதையில் மடிந்தார்கள். அங்குள்ள போர்க் கல்லறையில் நேச நாட்டுக் கைதிகளுக்கு வரிசை வரிசையாகக் கல் உண்டு. தோட்டத் தொழிலாளர்களுக்கு அப்படி ஆளுக்கொரு கல் இல்லை. போகிறவர்கள் ஒரு முழம் பூவாவது வாங்கிக்கொண்டு போங்கள்.

கோட்டெய்க் பாலத்தையும் இந்த வண்டியிலேயே பார்க்கலாமா?

முடியாது. அது மாண்டலேக்கு அப்பால் லாஷியோ பாதையில், 1901-ல் கட்டியது, 102 மீட்டர் உயரம். அந்தப் பக்கம் சண்டை நடந்த பகுதி, 2025 ஆகஸ்டில் பாலமே சேதமடைந்தது. இப்போதைக்கு அதைத் திட்டத்தில் சேர்க்காதீர்கள்.

மாண்டலேயில் இறங்கியதும்?

ஸ்டேஷன் ஊரின் நடுவிலேயே, 78-ஆம் தெருவை ஒட்டி. விடியாத நேரத்தில் வந்து சேர்ந்தால் உடனே வெளியே போகாதீர்கள், வெளிச்சம் வரும்வரை ஸ்டேஷனுக்குள்ளேயே இருங்கள். வயதானவர்கள் இறங்கியவுடன் நடக்க வேண்டாம், இரவெல்லாம் ஆடிய உடம்புக்குத் தரை கொஞ்ச நேரம் நிலைகொள்ளாது. பத்து நிமிஷம் பெஞ்சில் உட்கார வைத்து, ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். அந்த நேரத்தில் குடும்பத்தில் ஒருவர் கவுண்டருக்குப் போய்த் திரும்பும் வண்டிக்கு எந்த நாளிலிருந்து டிக்கெட் கொடுப்பார்கள், ஸ்லீப்பர் இருக்கிறதா என்று கேட்டு வந்துவிடட்டும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கல்யாண வீட்டுக்குப் போனவர்கள்தான் கடைசியில் பஸ்ஸில் திரும்பி வருகிறார்கள்.